ஒரு கையால் திறக்க முடியாத மூடி

தலைமை ஏற்றிருக்கும் ரயில் பணிமனை மேலாளர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, வரைவுக்கூடத்து நண்பர்களே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் எண்ணெய்ப் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்தவரின் மகளே, அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி அமர்ந்திருக்கும், சரக்கு வண்டி விபத்தில் இறந்த கார்டின் வீட்டம்மா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தலைமை வரைவாளர், நீங்கள் எல்லோரும் மூடியார் என்று அழைத்த மனிதர், போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த உணவுக்கூடத்தில் பலர் இருக்கிறார்கள். நான் சோதனைக்கூடத்தில் ஆயுள் முழுக்க இரும்பை இழுத்தும் வளைத்தும் முறித்தும் பார்த்தவன். இரும்பு பதில் பேசாது. அதனால் எனக்கும் பேச்சு வளரவில்லை. எதையும் இரண்டு முறை எடை போட்ட பிறகே வாயைத் திறக்கிறேன் என்று எனக்குத் தராசு என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயருக்குக் கெடுதல் வராமல், இன்று பேசுவதை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். நடுவில் நான் தடம் மாறினால் நீங்கள் கண்டுபிடிக்க வசதியாக, சொல்லப்போவதை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மூடியார் எப்படிப்பட்ட மனிதர்.
2. அவர் செய்த மூடி எதற்கானது. இது வெளியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காக.
3. அந்த விபத்துக்கு அவர் பொறுப்பல்ல என்பது.
4. விபத்துக்குப் பிறகு அவர் செய்தவை.
5. இனி நாம் செய்ய வேண்டியது.

ஐந்தும் சமமான குறிப்புகள் அல்ல. மூன்றாவதைச் சொல்வதற்காகவே முக்கியமாக வந்திருக்கிறேன்.

முதல் குறிப்பு.

மூடியார் இனிமையானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அது இறந்தவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வது. நான் அவரோடு பழகியவன். அவர் இனிமையானவர் அல்ல. வரைவுக்கூடத்தில் யாராவது ஒரு கோட்டைத் தடித்துப் போட்டால், அவர்கள் இருக்கையில் இருக்கும்போதே கையை நீட்டி அழித்துவிடுவார். சாப்பாட்டு வேளையில் யாரோடும் உட்கார மாட்டார். ‘நல்லா இருக்கு’ என்று அவர் வாயால் கேட்டவர் யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நானும் தூக்கவில்லை.

ஆனால் அவர் போட்ட கோடு எதுவாவது பொய் சொன்னதுண்டா? ‘முடிந்துவிட்டது’ என்று அவர் கொடுத்த வரைபடம் எதுவாவது பட்டறையிலிருந்து திரும்பி வந்ததுண்டா? வார்ப்படக்கூடத்து மேஸ்திரி இங்கே இருக்கிறார், அவரே சொல்லட்டும். இல்லை என்று தலையை ஆட்டுகிறார்.

திறந்து கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மைப்புட்டி, பசைப்புட்டி, மேசை இழுப்பறை, எதுவானாலும் போகிற போக்கில் மூடிவிட்டுப் போவார். அவருடைய மகள் சின்ன வயதில் என்னிடம் ஒரு குறை சொல்லியிருக்கிறாள். “பெரியப்பா, எங்க வீட்டுச் சர்க்கரை டப்பாவை அப்பா மூடினார்னா, நானும் அம்மாவும் சேர்ந்துதான் திறக்கணும். அதுவும் ஒருத்தர் டப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கணும்.” அன்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “மூடினா மூடினதா இருக்கணும், அண்ணா” என்றார். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதால் அவருக்கு நான் அண்ணா.

முதல் குறிப்பு முடிந்தது. இரண்டாவது.

உறவினர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு வேகனின் சக்கரங்களை ஒரு கனமான இரும்பு அச்சு இணைக்கிறது. அந்த அச்சின் இரண்டு நுனிகளும் சக்கரத்துக்கு வெளியே நீண்டு, இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் போகின்றன. அது அச்சுப்பெட்டி. வேகனின் பாரம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் தாங்கி வழியாக அச்சின் மேல் உட்காருகிறது. இடையில் இருப்பது எண்ணெய், ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லாத எண்ணெய். அது இருக்கும்வரை அச்சு சுழலும். அதில் மண் விழுந்தால் எண்ணெய் கெடும், தாங்கி தேயும், அச்சு சூடேறும், சிவக்கும். பிறகு முறியும்.

எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதால் அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு வாய் உண்டு. வாய் இருப்பதால் அதற்கு ஒரு மூடி வேண்டும். பழைய மூடிகள் தம் எடையாலேயே தொங்கிக்கொண்டிருந்தன. வண்டி குலுங்கினால் அவையும் குலுங்கித் திறந்தன. நம் பாதையில் பாதி வறண்ட நிலம். காற்றில் மணல் பறக்கும் நிலம். எத்தனை அச்சுகள் வெந்தன என்பது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும்.

மூடியார் செய்தது இதுதான். கீலுக்குப் பின்னால் ஒரு எஃகுப் பட்டையை வில்லாக வளைத்து வைத்தார். அது மூடியின் குதியை, அதாவது கீலை ஒட்டிய அதன் விளிம்பை, எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாகவே அறைந்து மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டுமென்றால் இதோ, அவருடைய படத்துக்கு முன்னால் மேசையில் இருக்கிறது. அச்சுப்பெட்டியின் முகப்பை மட்டும் வெட்டியெடுத்து, மூடியோடு வைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கூடத்தில் கிடந்ததை அன்போடு துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த வில்லைச் சோதித்தவன் நான். “இன்னும் கொஞ்சம், அண்ணா, இன்னும் கொஞ்சம்” என்று ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டியான பட்டையோடு வந்து நிற்பார். நான் மூடியை அதிர்வு மேசையில் பூட்டி, மேலே மணலைக் கொட்டி, குலுக்கோ குலுக்கென்று குலுக்கினேன். கடைசியில் வந்த பட்டையில் உள்ளே ஒரு மணல் துகள்கூடப் போகவில்லை. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் என் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். எல்லா வேகன்களுக்கும் அந்த மூடியைப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூடியார் என்ற பெயர் வந்தது.

எண்ணெய்ப் பிரிவில் அந்த மூடிக்கு வேறொரு பெயர் இருந்ததாம். எலிப்பொறி. அது எனக்குப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது குறிப்பு.

இன்று காலையில் இந்தக் கூடத்து வாசற்படியில் மூடியாரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியப்பா, வேற எதுவும் சொல்லலேன்னாலும் பரவாயில்ல. அப்பா மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க. கார்டு வீட்டம்மாவும் வந்திருக்காங்க” என்றாள். இவள் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், ‘உங்க அப்பா மூடிதான் கார்டைக் கொன்னுச்சு’ என்று கூடப் படித்த பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். இன்றும் அந்த வார்த்தையோடுதான் அதே தெருவில் நடக்கிறாள். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தேன். ஆகவே சொல்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கல் ஏற்றிய சரக்கு வண்டி மணல்காட்டைத் தாண்டி, மேட்டுப் பாதையில் வளைவு எடுத்தபோது, பின்பக்கத்து வேகன் ஒன்றின் அச்சு முறிந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் சரிவில் உருண்டன. கடைசியில் கார்டு வண்டி. கார்டு புகையை முன்னாலேயே பார்த்துவிட்டார். குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. கை பிரேக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். உடலை எடுக்கும்போதும் கை அதிலேயே இருந்தது.

வெந்துபோன அச்சுப்பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே மணல். மூடியைப் பிடித்திருக்க வேண்டிய வில் தளர்ந்து கிடந்தது. அந்த வில்லை என்னிடம்தான் அனுப்பினார்கள். விசாரணைக் குழுவுக்கு ஒரே கேள்வி. வில் தானாகத் தளர்ந்ததா, யாராவது தளர்த்தினார்களா?

என் சோதனையில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது இதுதான். அந்த எஃகில் குறை இல்லை. வெப்பத்திலும் அது தளரவில்லை. மூடிக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து, மூடி போகக்கூடிய அளவுக்கும் மேலே பின்னால் தள்ளி, வில்லை வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள். கம்பி பதிந்த தழும்பு மூடியின் உதட்டில் இருந்தது. மற்ற வேகன்களைப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் அதே தழும்பு. எண்ணெய்ப் பிரிவில் அதற்குப் ‘பழக்குவது’ என்று பெயர். புது மூடி வந்தால் முதல் வேலையாகக் கம்பி போட்டுப் பழக்கிவிடுவார்கள். பழகிய மூடி விரலைக் கடிக்காது. ஆனால் பழகிய மூடி, தண்டவாளத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கும்.

யார் பழக்கினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. விசாரணைக் குழுவும் கண்டுபிடிக்கவில்லை. வடிவமைப்பில் குறை இல்லை, அடையாளம் தெரியாத நபர்களின் தவறான கையாளல், பொறுப்பு யார் மேலும் சுமத்த இயலாது. இதுதான் தீர்ப்பு. அதற்கு ஆதாரம் என் சோதனை. அந்தச் சோதனையை நான் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆகவே, அவருடைய மகள் கேட்க, கார்டு வீட்டம்மா கேட்க, எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். அந்த விபத்துக்கு மூடியார் பொறுப்பல்ல. அவர் செய்த மூடியில் குறை...

கார்டு வீட்டம்மா எழுந்து நிற்கிறார்கள்.

சொல்லுங்கள் அம்மா. இல்லை, உட்கார வேண்டாம், சொல்லுங்கள். செயலாளர் அவர்களே, தயவுசெய்து அவர்களைப் பேசவிடுங்கள்.

அம்மா சொன்னது பின்வரிசைவரை கேட்டிருக்காது. ஒலிவாங்கி என்னிடம் இருக்கிறது. அவர்களிடம் கொடுத்தால் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால், சொன்னதைச் சொன்னபடியே நான் திருப்பிச் சொல்கிறேன். சரி என்கிறார்கள். ஒரு வார்த்தை பிசகினாலும் திருத்துங்கள் அம்மா.

“ஐயா, நிறுத்துங்க. அவர் மேல தப்பு இல்லன்னு சொல்லாதீங்க. என் வீட்டுக்காரர் செத்தப்ப எங்க வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தாங்க. பெரிய அதிகாரிங்க வந்தாங்க. எல்லாரும் ஒரே பேச்சு. யார் மேலயும் தப்பு இல்லம்மா, விதிம்மா. யார் மேலயும் தப்பு இல்லேன்னா என் வீட்டுக்காரர் சும்மாவா செத்தார்? விசாரணை முடிஞ்சு கொஞ்ச நாள்ல இவர் வந்தார். ஒரு சாக்குப்பைல இந்த மூடியச் சுமந்துக்கிட்டு வந்தார். இதேதான், மேசை மேல இருக்கே, இதேதான். எங்க வீட்டுக் கூடத்துல தரையில வச்சு, ‘அம்மா, இதைத் திறந்து பாருங்க’ன்னார். எனக்குக் கோவம். பைத்தியமா இவருக்குன்னு நெனச்சேன். ஆனா திறந்து பார்த்தேன். என்னால முடியல. ‘உங்களால மட்டும் இல்ல, யாராலயும் ஒரு கையால முடியாது. அப்படித்தான் நான் செஞ்சேன். அதான் அவங்க வளச்சாங்க. வளச்சதாலதான் மண்ணு போச்சு. உங்க வீட்டுக்காரர் செத்தது என்னாலம்மா’ன்னார். நான் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.”

திருத்தம் சொல்கிறார்கள். அடிக்கவும் செய்தார்களாம். சரி அம்மா.

“அடிக்கவும் செஞ்சேன். நின்னுக்கிட்டே இருந்தார். அடுத்த வருஷம் அதே நாள்ல வந்தார். நான் கதவத் திறக்கல. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டார். அதுக்கடுத்த வருஷமும் வந்தார். உடம்புக்கு முடியாம படுக்குற வரைக்கும் வந்தார். நான் அவர மன்னிக்கல. மன்னிப்புக் கேட்டும் அவர் வரல. எனக்கு ஒண்ணுதான் ஐயா. என் வீட்டுக்காரர் சாவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் இருந்தார். என் வாசல்ல வந்து நின்ன ஒரே ஆள். அவர் செத்த பிறகு, அது அவர் இல்லன்னு நீங்க சொல்லிட்டுப் போனா, அப்புறம் எனக்கு யாரு இருக்கா?”

இவ்வளவுதான் அம்மா சொன்னது. உட்காருங்கள் அம்மா. யாராவது தண்ணீர் கொடுங்கள்.

மகளே, உன் முகத்தைப் பார்த்தால் உனக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்று தோன்றுகிறது. எனக்கும்தான். அவருடைய பக்கத்து அறையில் அவ்வளவு காலம் வேலை பார்த்தேன். வருடத்தில் ஒருநாள் சீக்கிரம் கிளம்பிப் போவார். எங்கே என்று நான் கேட்டதில்லை.

மன்னிக்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன்? நான்காவது குறிப்பு. எனக்கு எழுதியதை விட்டுப் பேசத் தெரியாது. அம்மா சொன்னதை மனதில் குறித்துக்கொண்டேன். நான்காவதை எழுதியபடியே படிக்கிறேன்.

விபத்துக்குப் பிறகு அவர் செய்தவை.

தீர்ப்பு வந்த மறுநாள் மூடியார் என் கூடத்துக்கு வந்தார். “நல்ல சேதி, தம்பி. உங்க மேல தப்பு இல்லன்னு ஆகிடுச்சு” என்றேன். அவர் அந்த வளைந்த வில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பி போட்டு வளச்சாங்கன்னு கண்டுபிடிச்சீங்க. சரி. ஏன் வளச்சாங்க, அண்ணா?” என்றார். “அது என் வேலை இல்ல, தம்பி. கேள்வியில அது இல்ல” என்றேன். “ஆமா. கேள்வியில இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் அவர் வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போய், எண்ணெய்ப் பிரிவில் ஒரு எண்ணெய்க் கேனைக் கேட்டு வாங்கினார். இதை நான் பார்க்கவில்லை. இங்கே நிற்கும் கேன் அண்ணன், அந்தப் பிரிவின் மூத்தவர், சொல்லக் கேட்டது. அவர்களுக்கு முதலில் கேலியாக இருந்ததாம்.

“ஐயா, பேனாவ எங்க வச்சுட்டு வந்தீங்க?”

“கேன் கனமா இருக்குமே. கூடத்துலேருந்து யாரையாவது தூக்கிவரச் சொல்லவா?”

“விரலப் பத்திரமாப் பார்த்துக்குங்க, ஐயா. நாளைக்குக் கோடு போடணுமில்ல?”

அவர் முதல் வேகனிடம் போனார். இடது கையில் கேன். வலது கையால் மூடியைத் தூக்க வேண்டும். தூக்கினால் நிற்காது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் எண்ணெய் ஊற்றக் கை இல்லை. கேனைக் கீழே வைத்து இரண்டு கையாலும் தூக்கினால், பிறகு கேனை எடுக்கக் கை இல்லை. முழங்காலால் மூடியைத் தாங்கிப் பார்த்தார். முழங்கையால் தாங்கிப் பார்த்தார். மூடி அறைந்து மூடும்போதெல்லாம் அவருடைய விரல்கணுக்களில் தோல் உரிந்தது. அந்த வெயிலில் அந்த இரும்பு என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேலி செய்தவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். “போதும் ஐயா, விடுங்க” என்று கேன் அண்ணன் கேனை வாங்கப் பார்த்திருக்கிறார். அவர் கொடுக்கவில்லை. அந்த வண்டி முழுவதும் முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

சாயங்காலம் என் கூடத்துக்கு வந்து, கட்டுப்போட்ட கையை என் மேசை மேல் வைத்தார். “அண்ணா, பாதி வண்டி தாண்டினதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சுத்தி முத்திப் பார்த்தேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. நான் கம்பியத் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

நான் என்ன சொன்னேன்? “அசதியில அப்படித்தான் தோணும், தம்பி. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டாவது மூடியைச் செய்தார். இன்று வண்டிகளில் ஓடுவது அதுதான். வில்லின் பலத்தைக் குறைத்தார். குதியின் வடிவத்தை மாற்றினார். இப்போது மூடியைப் பாதிக்கு மேல் தூக்கினால் அதே வில் அதைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் நம்முடையது. வேலை முடிந்ததும் தட்டினால் மூடிக்கொள்ளும். அந்த மூடியை யாரும் பழக்கவில்லை. பழக்கத் தேவை இல்லை. அதற்கு அவருக்குப் பாராட்டு விழா எடுக்க நினைத்தார்கள். அன்று அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. விபத்துக்குப் பிறகு அவர் வரைந்த ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு கை இருக்கும். கைப்பிடி என்றால் அதைப் பிடித்த கை. தாழ்ப்பாள் என்றால் அதைத் தள்ளும் விரல். சரியான அளவில், கையுறையோடு. வரைபட விதிகளில் அதற்கு இடமில்லை. புதிதாக வந்த வரைவாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். “ஐயா கைரேகை பார்க்க ஆரம்பிச்சுட்டார், போய் நீட்டு” என்று ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள். அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

கடைசியாக மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. பேச முடிந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பாடுபட வேண்டியிருந்தது. “அண்ணா, அந்த மூடி...” என்று ஆரம்பித்தார். எனக்கு அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது. அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நானே முந்திக்கொண்டு, “உங்க மேல தப்பே இல்ல, தம்பி. என் சோதனையில தெளிவாத் தெரிஞ்சது. நிம்மதியா இருங்க” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

எழுதிக் கொண்டுவந்த தாளில் இதற்கு அடுத்த வரி, ‘அசதியில் உறங்கிவிட்டார்’ என்று இருக்கிறது.

அந்த வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது குறிப்பு. இனி நாம் செய்ய வேண்டியது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். இன்னும் சில ஆண்டுகளில் இந்த மூடிகளே இருக்காது, வேறு வகைத் தாங்கிகள் வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். நல்லதுதான். ஆகவே மூடியைக் காப்போம் என்று உறுதி கேட்க நான் வரவில்லை. வரைவுக்கூடத்து நண்பர்களிடம் கேட்பது இரண்டு. நீங்கள் வரையும் எந்தப் பொருளையும், அதைத் தொட்டு வேலை செய்யப்போகிறவரோடு நின்று, அவருடைய ஒரு முழு நாள் வேலையை நீங்கள் செய்து பாருங்கள். உங்கள் கை எப்போது கம்பியைத் தேடுகிறது என்று கவனியுங்கள். இரண்டாவது, வரைபடத்தில் கையை வரையுங்கள். விதியில் இடமில்லை என்று யாராவது சொன்னால், மேலாளர் அவர்கள் இந்த மேடையில் இருக்கிறார், அவரிடமே கேட்கிறேன். இடம் உண்டா ஐயா? உண்டு என்கிறார். எல்லோரும் கேட்டீர்கள்.

ஐந்தும் முடிந்தன. உட்கார வேண்டியதுதான். ஆனால் சோதிக்காத ஒன்று பாக்கி இருக்கிறது.

இந்த மேசையில் இருப்பது முதல் மூடி. வைத்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. பளபளப்பாக இருந்ததை எடுத்து வந்திருப்பார்கள். முகப்பைத் துண்டாக வெட்டிவிட்டதால் யாரும் பழக்காத மூடி. அதாவது, கார்டு வீட்டம்மாவின் கூடத்தில் மூடியார் வைத்துத் திறந்து பார்க்கச் சொன்ன மூடி. இதன் வில்லை எத்தனை முறை இழுத்துப் பார்த்திருக்கிறேன், எத்தனை முறை அழுத்திப் பார்த்திருக்கிறேன். எல்லாம் இயந்திரத்தில். என் கையால் ஒருமுறைகூட இதைத் திறந்ததில்லை. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட.

இடது கையில் இந்த ஒலிவாங்கி இருக்கட்டும். எண்ணெய்க் கேனைவிட இது எவ்வளவோ இலேசு. வலது கையால் தூக்கிப் பார்க்கிறேன்.

வரவில்லை.

வயதானவன் கை என்று சொல்லலாம். மேலாளர் அவர்கள் என்னைவிட இளையவர். நீங்கள் வாருங்கள் ஐயா. ஒரு கையால்தான். மூடி கொஞ்சம் எழுகிறது, பிறகு... பார்த்தீர்களா. பின்னாலிருந்து கேன் அண்ணன் சொல்வது கேட்கிறது. “விரல எடுத்துடுங்க ஐயா, கடிக்கும்.” எடுத்துவிட்டார்.

போதும்.

மகளே, உன் அப்பா மேல் தப்பு இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இந்த மேடையிலேயே உடைக்கிறேன். என்னை நீ கோபித்துக்கொள். அந்தத் தப்பு உன் அப்பாவுடையது. அதை அவர் எண்ணெய்க்காரர்கள் மேல் இறக்கி வைக்கவில்லை. விதி மேல் இறக்கி வைக்கவில்லை. என் சோதனை மேல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனையோ முறை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதைச் சுமந்துகொண்டு ஒரு வாசலில் போய் நின்றார். தெருவில் யாராவது அந்தப் பழைய வார்த்தையைச் சொன்னால், ஆமாம் என்று சொல். அடுத்த வருடம் அந்த நாளில் அந்த வாசலுக்குப் போக வேண்டுமா என்பதை நீயும் கார்டு வீட்டம்மாவும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

தம்பி, மருத்துவமனையில் நீங்கள் கடைசியாக ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை. ‘ஆமாம் தம்பி, மூடி தப்புதான்’ என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தால் அதைச் சுமக்க நாம் இரண்டு பேராகியிருப்போம்.

இந்தத் தாளில் மூன்றாவது குறிப்பு தவறு. அடித்துவிடுகிறேன்.